தண்ணீர் உட்கார்ந்து கேட்ட கூட்டங்கள்

ஊர்த் தண்ணீர் பொறுப்பை நகரத்துத் தலைமை அலுவலகம் ஊர்க் கமிட்டியிடம் ஒப்படைத்த மறுநாளிலிருந்து, கமிட்டி கூடும் தலைவர் வீட்டில் மட்டுமே தண்ணீர் வந்தது. குழாயில் வந்தது, சுவர்க்கடிகாரத்திலும் வந்தது. மேட்டுத் தெருவில் குழாயைத் திறந்தால் வெறும் பெருமூச்சுதான். பழி மோட்டார் அக்கா தலையில் விழுந்தது. மோட்டார் போடுவதும் வால்வு திருப்புவதும் அவள் வேலை. பள்ளத்து வால்வை முதலில் அடைத்தால்தான் தொட்டியின் அழுத்தம் தண்ணீரை மேட்டுக்குத் தள்ளும். அவள் சரியாகத்தான் அடைத்தாள். குழாயைத் தோண்டியும் பார்த்தாள், அடைப்பே இல்லை. தண்ணீர் மேட்டுத் தெரு முனைவரை போய், கொஞ்சம் யோசித்து, தலைவர் வீட்டுக்கே திரும்பியது. அவள் வீடும் மேட்டுத் தெருவில்தான். "ஊருக்கே தண்ணி விடுற மருமக இருந்தும் நான் பல் விளக்க அடுத்த தெருவுக்குப் போறேன்" என்று மாமியார் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னாள்.

தலைவர் மனைவி துணி அலமாரியில் கெண்டை மீன் பிடித்த அன்று, "இனிமே இங்க ஒரு கூட்டம் நடந்தாலும் நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். அதனால், மோட்டார் அக்காவை வேலையை விட்டு எடுக்கும் கூட்டத்தை அவள் வீட்டு வாசலிலேயே போட்டார்கள். நாற்காலியும் அவளே எடுத்துப் போட்டாள். அவள் இடத்துக்குத் தலைவரின் மச்சானா, செயலாளரின் மருமகனா என்று பேச்சு முற்றியபோது வாசல் குழாய் இருமியது. பிறகு கொட்டோ கொட்டென்று கொட்டியது. மாமியார் குடத்தை வைத்தாள்.

தலைவர் பதறி எழுந்தார், தண்ணீர் நின்றது.

"உட்காருங்கண்ணே" என்றாள் மோட்டார் அக்கா.

உட்கார்ந்தார், வந்தது.

"இன்னொரு தடவை எந்திரிங்க."

"நான் என்ன வால்வாம்மா?" என்றபடி எழுந்தார், நின்றது. முடிவு எங்கே எடுக்கப்படுகிறதோ அங்கேதான் தண்ணீர் போகிறது என்று மோட்டார் அக்காவுக்குப் புரிந்தது. முன்பு அவள் போனபோதெல்லாம் தலைமை அலுவலகக் கூட்ட அறையில் கால்மிதி ஏன் நனைந்தே கிடந்தது என்பதும்கூட.

இப்போது கமிட்டி தினமும் காலையில் தெருத் தெருவாகக் கூடுகிறது. மோட்டார் அக்கா அந்தத் தெருவின் வால்வைத் திறந்துவிட்டு நாற்காலிகளைப் போடுகிறாள். பேச்சு சூடு பிடித்தால் அழுத்தம் கூடும், ஒத்துப்போனால் சொட்டும். அவளை நீக்கும் தீர்மானத்துக்குத்தான் மாடிவரை தண்ணீர் ஏறுகிறது. அதனால் அதைத் தினமும் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள், முடிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.