முள் எடுத்த மீன்

எந்த வசனம் வேதத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று ராகேலிடம் கேட்டால், கேட்ட வாய் மூடுவதற்குள் பதில் வரும். மார்த்தாண்டத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்து முப்பத்திரண்டு வருஷம். கிழக்கேகோட்டைக்குப் பின்னால் ஆறு வீடுகள் ஒட்டிக் கிடக்கும் லைனில் முதல் வீடு அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வேதப்பாடம் எடுப்பாள். புதன்கிழமை சாயங்காலம் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் முன்வரிசை. நல்லவள்தான். நல்லவளாக இருப்பதற்கு அவள் நிறையப் பாடுபட்டாள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அவளைச் சட்டென்று வெறுத்துவிடக் கூடாது.

அடுத்த வீட்டுச் சுடலைமாடத்தி எந்தப் பாடும் படவில்லை. அதுதான் ராகேலுக்குப் பொறுக்கவில்லை.

சுடலைமாடத்தி திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. பழவங்காடியில் ஒரு ஹோட்டலில் வெங்காயம் உரிக்கிற வேலை. எழுத்து வாசனை கிடையாது. வருஷத்துக்கு ஒருதரம் கோயில் கொடைக்கு ஊருக்குப் போனால் உண்டு, இல்லாவிட்டால் சாமியும் இல்லை. வாயைத் திறந்தால் வசவு. ஆனாலும் லைனில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் தட்டுவது அவள் கதவைத்தான். அந்தக் கதவுக்குப் போக ராகேலின் கதவைத் தாண்ட வேண்டும். தாண்டிப் போகிற ஒவ்வொரு காலடியும் ராகேலின் நெஞ்சில் விழும். கட்டின புருஷன் செல்வமணியே ஒருநாள், "அவளுக்கு நல்ல மனசாக்கும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, இரண்டு நாள் உப்பில்லாத குழம்பு தின்றான்.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களுக்கும் கூட இருக்கிறவர்களுக்கும் வீடுகளிலிருந்து பொதிச்சோறு போகும். வாட்டின வாழையிலையில் சோறும் கறியும் வைத்துத் தாளில் பொதிந்து கொடுப்பார்கள். மேலே பேர் எழுதுவதில்லை. கொடுத்தது யாரென்று தின்கிறவருக்குத் தெரியாது. தின்றது யாரென்று கொடுத்தவருக்கும் தெரியாது. ராகேலுக்கு அந்த வழக்கத்தில் அந்த ஒரு பாகம் மட்டும் பிடிக்காது. லைனில் பொதி சேர்க்கிறவள் ரெஷ்மா என்ற மலையாளத்துக்காரி. தையல்கடை வைத்திருக்கிறாள், ஸ்கூட்டரில் பெரிய பையோடு வருவாள்.

அந்தச் சனிக்கிழமை லைனில் இரண்டு வீட்டில்தான் பொதி கட்டினார்கள். ராகேல் இரண்டு முழுச் சாளை மீனை மொறுமொறுவென்று பொரித்து வைத்தாள். தண்ணீர் பிடிக்க வெளியே வந்தவள், சுடலைமாடத்தி வாசற்படியில் உட்கார்ந்து பொரித்த சாளை மீனைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போடுவதைப் பார்த்தாள்.

"என்ன பிள்ளே, முழு மீன் வைக்க மனசு வரலியா ஒனக்கு?"

"ஒங்க சோலியப் பாத்துட்டுப் போங்கக்கா. எம் மீனு, எங் கையி."

புதன்கிழமை மத்தியானம் ரெஷ்மா வந்தாள். கூடவே ஒரு பெண், கசங்கின சுடிதாரும் தூங்காத கண்ணுமாக.

"ராகேல் சேச்சி, சனியாழ்ச்ச சாளை மீன் வச்ச பொதி நீங்க தந்ததல்லே?"

"ஆமா" என்றாள் ராகேல். அதுவரைக்கும் பொய் இல்லை, கவனித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் பாய்ந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பேர் ஷிஜா, போனக்காடு எஸ்டேட்டிலிருந்து வருகிறாள். அப்பா தேயிலைச் சரிவில் விழுந்து வலது கை இரண்டு இடத்தில் முறிந்து கிடக்கிறார்.

"நான் ஊட்டி விட்டா வாயத் திறக்க மாட்டாரும்மா. பிள்ள கையால திங்கிறதுக்கு வெட்கம். நாலு நாளா டீயும் பன்னும்தான். உங்க பொதியில மீன்ல ஒரு முள்ளு இல்ல! இடது கையால அவரே அள்ளி அள்ளிச் சாப்பிட்டாரு. நான் வராந்தாவுல போய் நின்னு அழுதேன். எப்படிம்மா உங்களுக்குத் தோணிச்சு?"

ராகேலுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்துக் கதவு பூட்டிக் கிடந்தது. சுடலைமாடத்தி வேலைக்குப் போயிருந்தாள். 'என் மீனில் முள் இருந்ததே மக்ளே' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் அந்தக் கைகள் அவ்வளவு சூடாக இருந்தன. இந்த முப்பத்திரண்டு வருஷத்தில் யாரும் ராகேலின் கையை இப்படிப் பிடித்ததில்லை. இதுவும் அவளுக்கே போக வேண்டுமா?

"கர்த்தர் தோணவச்சாரு மக்ளே" என்றாள்.

"வெள்ளிக்கிழமை ஆபரேஷன். நாளைக்கு ஒரே ஒரு தடவை அதேமாதிரி தர முடியுமாம்மா? அந்த வீட்டு மீன்னா கண்ண மூடிட்டுத் திம்பேன்னு சொல்றாரு."

"தாறேன்."

அன்று சாயங்காலம் ஜெபக்கூட்டத்தில் ராகேல் எழுந்து சாட்சி சொன்னாள். அடுப்படியில் நின்றபோது வசனம் தன் உள்ளத்தில் பேசியதையும், முள்ளை எடு என்று உணர்த்தப்பட்டதையும், எஸ்டேட்காரப் பெண் அழுததையும் சொன்னாள். பின்வரிசையில் இரண்டுபேர் கண்ணைத் துடைத்தார்கள். தலைவி அம்மா, "வேதம் நமக்குள்ள கிரியை செய்யுறதுன்னா இதுதான்" என்றார். ராகேல் வீட்டுக்குப் பறந்துதான் வந்தாள்.

மறுநாள் காலையில் எட்டுச் சாளை வாங்கிப் பொரித்து, உட்கார்ந்து முள் எடுக்கத் தொடங்கினாள். நடுமுள் சுலபமாக வந்துவிட்டது. மயிர்போல இருக்கிற பக்கமுட்கள்தான் கண்ணுக்கு அகப்படவில்லை. எடுத்து முடித்தாயிற்று என்று விரலால் தேய்த்துப் பார்த்தால் ஒன்று குத்தும். அதை எடுத்துவிட்டுத் தேய்த்தால் இன்னொன்று. கண்ணாடி போட்டாள், வெளிச்சத்துக்கு நகர்ந்தாள். மணி பத்தாயிற்று. மறுபடியும் ஒன்று.

கண்ணை மூடிக்கொண்டு தின்பாராம்.

முட்டை பொரித்து வைத்துவிடலாமா என்று யோசித்தாள். கேட்டால் மீன் கிடைக்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் அவர் கேட்டிருப்பது மீன். முகம் தெரியாத அந்த மனுஷனின் தொண்டை அவள் கண்முன் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பொய்யைப் பற்றியும் அயலாரைப் பற்றியும் அவளுக்குத் தெரிந்த வசனங்கள் நேற்றும் அவளுக்குள்ளேதான் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அவள் வாயைப் பொத்தவில்லை. இந்தத் தொண்டை அவளை எழுப்பி நிறுத்தியது.

தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த கதவைத் தட்டினாள்.

"இதில முள்ளு இருக்கான்னு பாரு பிள்ளே."

சுடலைமாடத்தி தட்டைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "நீங்க எதுக்கு மீன உதுத்து வச்சிருக்கிய?"

ராகேல் சொன்னாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றையும் விடாமல் சொன்னாள். ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொன்னதையும் சொன்னாள்.

"நல்லாருக்கே கத! எம் மீனு, ஒங்க பேரு. ராணி கணக்கா நின்னு வாங்கிக்கிட்டியளாக்கும்."

"தப்புதான்."

"தப்புன்னா? எனக்கும் வயிறு எரியும்லாக்கா? நான் என்ன மரக்கட்டையா?" என்று சீறிக்கொண்டே அவள் தட்டைப் பிடுங்கி மடியில் வைத்தாள். மீனைப் பார்க்கவே இல்லை. ராகேலை முறைத்தபடியே விரல்களை ஓட்டினாள். ஒரு முள் தட்டின் விளிம்பில் வந்து விழுந்தது. இன்னொன்று. நான்கு முட்கள்.

ராகேல் நேற்றுப் பொறாமைப்பட்டது அவளுக்குக் கிடைக்கிற பேருக்கு. இன்று அந்த விரல்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். நான் வருஷக்கணக்காகப் படித்துப் படித்து வரவழைக்கப் பார்த்தது, இவளுக்குத் திட்டிக்கொண்டிருக்கும்போதே வருகிறதே!

"முள்ளு எடுக்கணும்னு ஒனக்கு யாரு சொல்லித் தந்தா?"

"இதுக்கொரு வாத்தியாரா? ஆசுத்திரில கெடக்கவனுக்கு ஒரு கையில ஊசி குத்தியிருப்பாவ. இல்ல கை ஒடஞ்சிருக்கும். எப்படி முள்ளு எடுப்பான்?"

"ஒங்க சாமி ஏதாவது..."

"எங்க சாமி சுருட்டும் சாராயமும் கேக்கும். மீன்முள்ளப் பாக்க அதுக்கு எங்க நேரம்? இந்தாங்க, தேங்காத் துருவல் போட்டுப் பிரட்டி வைங்க. இல்லன்னா அது என் மீனு மாதிரி இருக்காது."

பதினொரு மணிக்கு ரெஷ்மா வந்தபோது ராகேல் பொதியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள். "ஷிஜாட்ட சொல்லணும். அன்னைக்கு முள் எடுத்தது நான் இல்ல, சுடலைமாடத்தி. இதையும் அவதான் பாத்துத் தந்தா. எனக்க மீன்ல முள்ளு இருந்தது."

"ஐயோ சேச்சி, பின்னே எதுக்கு அப்படி..." என்று ரெஷ்மா பாதியில் நிறுத்தினாள். பொதியை வாங்கிப் பையில் வைத்தாள். பிறகு ராகேலைத் தாண்டி அடுத்த கதவுக்குப் போனாள். சிரிப்புச் சத்தம் கேட்டது. ராகேல் உள்ளே போய், கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள்.

அடுத்த புதன்கிழமை, கூட்டத்தில் பாட்டு முடிந்ததும் எழுந்து நின்றாள்.

"போன வாரம் நான் சொன்ன சாட்சி பொய். அந்த மீன் எனக்க மீன் இல்ல. எனக்க அடுத்த வீட்டுக்காரிக்க மீன்."

தலைவி அம்மா மெதுவாகக் கேட்டார், "அவ எந்தச் சபை?"

"சபை ஒண்ணும் இல்ல. படிக்கவும் தெரியாது."

"பின்ன அவளுக்கு யாரு படிப்பிச்சா?"

"யாரும் படிப்பிக்கல்ல."

"சரி, ஒன்னை இப்போ எழும்பிச் சொல்ல வச்சது எது? வசனம்தானே?"

ஆமென்று சொல்லியிருந்தால் எல்லோருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். ராகேல் யோசித்தாள். "வசனமும் இருக்கும்" என்றாள். "ஆனா முதல்ல அந்த மனுஷனுக்க தொண்டையாக்கும். அதுக்குப் பிறகுதான் எனக்கு எல்லா வசனமும் ஞாபகம் வந்தது."

பின்வரிசையில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், "படிக்கத் தெரியாதாம். என்ன மனசு பாரு!" என்று வியந்தாள். அது ராகேலின் காதில் விழுந்தது. உள்ளே அதே பொறாமை, ஒரு பொட்டும் குறையாமல்.

"அவளுக்க பேரு என்ன?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

ராகேல் வாய்க்குள்ளேயே சொன்னாள். "சுடலைமாடத்தி."

"கேக்கல்லியே!"

இந்தத் தடவை கடைசி வரிசைவரைக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.