கீழுதடு மரத்துப்போகலாம்

...மரத்துப்போகலாம் என்றால் எத்தனை நாளைக்கு, ஒரு மாதமா, கட்டையில் போகிற வரைக்குமா... காத்தான் ஆபரேஷன் சம்மதப் படிவத்தின் அந்த வரியை மறுபடியும் எழுத்துக் கூட்டினான், கீழுதட்டிலும் முகவாயிலும் உணர்ச்சி குறையலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். நாற்பதைத் தாண்டி மகள் சுபஸ்ரீயிடம் கற்ற எழுத்து, இதைப் படிக்கத்தானா கற்றோம், கைநாட்டாகவே இருந்திருந்தால் மையைத் தொட்டு உருட்டிவிட்டு இந்நேரம் டீ குடித்துக்கொண்டிருப்பான். மூளைக்கு அடியில் இருந்த கட்டியை மூக்கு வழியாக எடுத்து இரண்டு வருடம், அது சுரந்து தள்ளிய ஹார்மோன் அடங்கிவிட்டது, ஆனால் பத்து வருடமாக அது வளர்த்துவிட்ட எலும்பு வளர்ந்தது வளர்ந்ததுதான், புருவ மேடு, மேல்வரிசைப் பல்லைத் தாண்டி ஒரு விரல்கடை முன்னே நிற்கும் தாடை... இட்லியைக்கூடப் பிய்த்துக் கடைவாயில் திணிக்க வேண்டியிருக்கிறது. தாடையை அறுத்து உள்ளே தள்ளி, நெற்றி எலும்பை இழைப்பார்களாம், இழைக்கட்டும், உதடு? அரியமங்கலம் ஷெட்டில் மரப்பெட்டி அடிக்கும்போது இருபது ஆணி வாய்க்குள் இருக்கும், நாக்கு புரட்டிக் கொடுக்க, கொண்டை எது கூர் எது என்று கீழுதடுதான் பார்க்கும், கண் பார்க்காது, மற்றவர்கள் டப்பாவில் துழாவி முடிப்பதற்குள் அவன் ஒரு பக்கம் அடித்திருப்பான். காத்தாண்ணே, அந்தத் தாடைக்குக் கால் கிலோ ஆணி பத்தாதே என்பான் கூட வேலை செய்யும் மூக்கன், சொல்லிவிட்டுப் போகட்டும்... மரத்த உதட்டோடு ஓர் ஆணி தொண்டைக்குள் நழுவிவிட்டால்?

"என்னங்க காத்தான், பரிட்சைக்கா படிக்கிறீங்க? டாக்டர் கெளம்பிருவாரு" என்றார் சிஸ்டர் அல்போன்சா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி வெள்ளையம்மாள், அவனது ஆணிக் கவலையை நேற்றே கேட்டிருந்தவள், பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தாள். "டப்பாவுல இருந்து எடுத்து அடிங்க. எல்லாரும் அப்படித்தானே அடிக்கிறாங்க." எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள், சரிதானே, தூக்கத்தில் மூச்சடைத்துத் திணறும்போது உலுக்கி எழுப்புகிறவள் அவள்தானே, டப்பாவில் எடுத்து அடித்தால் கை குறைந்தா போகும்... முதல் எழுத்தைப் போட்டான். "நல்லாயிட்டு வந்ததும் மொதல்ல உறையூருக்குப் போவோம்" என்றாள் அவள், "ஒங்க அண்ணன் எத்தன விசேஷத்துக்குக் கூப்புட்டாரு, இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எப்படி வர்றதுன்னு தட்டிக் கழிச்சீங்க. இனிமே என்ன சொல்லுவீங்க?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

பேனா நின்றது. அண்ணன்... பொதுச்சுவர்த் தகராறில், அவர் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கன்னத்தில் அவன் அறைந்தது, அவர் வாய் திறக்காமல் அப்படியே உட்கார்ந்தது, யாரிடமும் சொல்லாமல் அதற்குப் பிறகும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது... முகத்துக்காகத்தான் போகவில்லை என்று ஊர் நம்பியது, இவள் நம்பினாள், எப்போதிருந்தோ அவனும். கையெழுத்து போட்டாச்சா என்று சிஸ்டர் மறுபடி கேட்பது எங்கோ கேட்டது, அறைந்தது எந்த வருடம், சுபஸ்ரீக்குச் சமயபுரத்தில் காது குத்திய வருடம், பழைய முகம் வேண்டும் என்று டாக்டர் வாங்கி வைத்திருப்பது அந்தக் காதுகுத்தில் எடுத்த போட்டோவைத்தான்... அதில் அவன் முகம் எல்லார் முகத்தையும்போல நன்றாகத்தான் இருக்கிறது.