பத்தரைக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில்

அன்று காலையில் மூன்றாவது முறையாகப் பெலிண்டா, மகனைப் பார்த்துக்கொள்ளும் கமருன்னிசாவுக்குப் போன் போட்டபோது மணி பதினொன்று ஐந்து.

"ஜெஸ்வின் என்ன பண்றான்க்கா?"

"போன தடவ நீ கேட்டப்ப என்ன பண்ணானோ அதேதான். டப்பாவ உருட்டிக்கிட்டு கெடக்கான்."

"பாத்ரூம் கதவு..."

"சாத்தி, தாழ்ப்பாளும் போட்டாச்சு. வாளியையும் கவுத்து வச்சாச்சு. நீ வேலையப் பாரு புள்ள."

கமருன்னிசா வைத்துவிட்டாள். பெலிண்டாவால் வேலையைப் பார்க்க முடியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடி அதே பட்டியலைத் திறந்தாள்.

சுகாதார அலுவலகத்தில் அவளுக்கு வேலை இதுதான். ஐந்து வயதுக்குள் இறந்துபோகும் குழந்தைகளின் தாள்களை வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பெயர், ஊர், வயது, காரணம். நான்கு வருடமாக ஏற்றுகிறாள். முதல் மாதத்தில் மனசு தாங்காமல் அழுதாள். பிறகு விரல்கள் பழகிக்கொண்டன. எந்தத் தெருவிலிருந்து எந்தத் தாள் வரும் என்றுகூட ஓரளவு சொல்லிவிடுவாள். வாய்க்கால் கரைக் குடிசைகளிலிருந்து வருவது பெரும்பாலும் எடை குறைந்து பிறந்தவை. வசதியான வீடுகளிலிருந்து எப்போதாவது வரும், இதயத்தில் ஓட்டை, இல்லாவிட்டால் ஏழு மாதத்திலேயே பிறந்தது. ஒரு வயதுக்குள் போனவற்றைப் பற்றி மாதாமாதம் மீட்டிங் நடக்கும். ஒரு வயதைத் தாண்டியவை கொஞ்சம்தான். கொஞ்சம் என்பதாலேயே அவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

போன வாரம் மூன்று வருடக் கணக்கை மொத்தமாகக் கேட்டார்கள். ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை முப்பத்துநான்கு பேர். அதில் 'விபத்து' என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கீழே பதினைந்து. என்ன விபத்து என்று தெரிந்துகொள்ள, பழைய தாள்களைக் கட்டவிழ்த்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒன்று பஸ். ஒன்று மின்சாரம். ஒன்று மாடியிலிருந்து விழுந்தது. மீதி பன்னிரண்டும் தண்ணீர்.

தண்ணீர் என்றதும் அவளுக்குக் காவிரியும் கொள்ளிடமும்தான் நினைவுக்கு வந்தன. ஆனால் ஆறு எடுத்தது இரண்டைத்தான். மற்ற பத்தும் வாளி, டிரம், மாட்டுத் தொட்டி, கட்டட வேலைக்காகத் தரையில் தோண்டிய சம்ப். முழங்கால் உயரத் தண்ணீர். ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் கொண்டுவந்த நேரம் இருந்தது. பதினொன்று பத்து. பன்னிரண்டு ஐந்து. பதினொன்றே முக்கால். ஒன்றுகூட இரவில் இல்லை. அம்மாக்களின் தொழில் என்ற இடத்தில் சித்தாள், வீட்டு வேலை, மறுபடி சித்தாள்.

ஜெஸ்வினுக்கு அடுத்த மாதம் இரண்டு வயது.

தாளைத் தூக்கிக்கொண்டு மேலதிகாரி டாக்டர் அடைக்கலராஜிடம் போனாள். ஓய்வுபெற இரண்டு வருடமே இருக்கும் மனிதர். எவரையும் கடிந்து பேசமாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பொறுமையாகப் படித்தார்.

"விபத்துன்னா அது போலீஸ் பாக்குற விஷயம்மா. நம்ம மீட்டிங்ல இது வராது."

"எல்லாம் ஒரே நேரத்துல நடக்குது சார்."

"இது ஆஸ்பத்திரிக்கு வந்த நேரம். விழுந்த நேரம் இல்லையே. ஒரு வீட்டுலயாவது போய்க் கேட்டாதான் தெரியும்." சற்று யோசித்துவிட்டு, "நான் உன்ன போகச் சொல்லல," என்றார்.

சனிக்கிழமை அவள் போனாள். கடைசியாக வந்த தாளில் இருந்த விலாசம் திருவெறும்பூர் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே. நான்கு மாடிக் கட்டடம் பாதி எழும்பி நின்றது. அதன் கீழ்த்தளத்திலேயே தார்ப்பாய் கட்டி மூன்று குடும்பம் இருந்தது, எல்லாரும் கள்ளக்குறிச்சிப் பக்கம். பச்சையம்மாளுக்கு இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது இருக்கலாம். தலையில் சும்மாடு சுற்றியபடியே இறங்கி வந்தாள். எதிரில் நின்றவள் ஆபீஸ் ஆள் என்றதும் முகம் இறுகியது.

"எல்லாம் எழுதிக் குடுத்துட்டமே மேடம்."

"கேஸுக்கு இல்லீங்க. எத்தன மணிக்கு நடந்துச்சுன்னு மட்டும்..."

"மணி யாரு பாத்தா? பத்தரைக்கு டீ விடுவாங்க. டீ குடிச்சிட்டு ஏறுனேன். நாலு சட்டி கலவ தூக்கியிருப்பேன். எறங்கிப் பாத்தா ஆளக் காணோம்."

பெலிண்டா எழுதவில்லை. பேனா கையில் இருந்தது. சம்ப் அங்கேதான், பத்தடி தள்ளி இருந்தது. மேலே இப்போது சென்ட்ரிங் பலகை போட்டு, நாலு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள்.

"தினம் கட்டிப்போட்டுட்டுதான் ஏறுவேன் மேடம்." கேட்காமலே பச்சையம்மாள் சொன்னாள். "பழைய பொடவையில, அந்தத் தூண்ல. சுத்திச் சுத்தி வந்து வெளயாடுவான். அதுக்கு மொத நாளு யாரோ வீடு பாக்க வந்தாங்க. பெரிய எடத்து ஆளுங்க. புள்ளய நாயி மாரி கட்டி வச்சிருக்கியே, நீ எல்லாம் ஒரு தாயான்னு அந்தம்மா கேட்டுது. எனக்கு ராத்திரி பூரா தூக்கமே வரல. மறுநா கட்டல."

மேலிருந்து கொத்தனார் கூப்பிட்டார். பச்சையம்மாள் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு படியேறினாள். இரண்டு படி ஏறித் திரும்பினாள்.

"கட்டிருந்தா இருந்திருப்பான் இல்ல?"

பெலிண்டா தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டினாளா, இல்லை என்று ஆட்டினாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். பால்பண்ணை ஸ்டாப்பில் ஒரு தடவை கமருன்னிசாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து நின்றது. காந்தி மார்க்கெட்டில் மறுபடி. எடுக்கவில்லை. நேரம் பன்னிரண்டு. சிக்னலில் பஸ் நின்றதுமே இறங்கி ஆட்டோ பிடித்தாள். தென்னூரில் தெருமுனையிலேயே இறங்கி ஓடினாள். செருப்பு வார் அறுந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள்.

கமருன்னிசா வாசல் கதவைத் திறந்து, விரலை உதட்டில் வைத்தாள். உள்ளே பாயில் ஜெஸ்வின் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வாயோரம் வாழைப்பழம் ஒட்டியிருந்தது.

"ஏன் போன எடுக்கல?" பெலிண்டா கத்தியேவிட்டாள்.

"புள்ள தூங்குறான்னு சத்தத்த நிறுத்தி வச்சேன்." கமருன்னிசாவுக்கும் கோபம் வந்தது. "ஒரு வாரமா பாக்குறேன். பத்து மணிக்கு ஒண்ணு, பத்தரைக்கு ஒண்ணு, பதினொண்ணுக்கு ஒண்ணு. ரெண்டு புள்ள வளத்தவ நான். எம்மேல நம்பிக்க இல்லன்னா நாளைலேந்து வேற ஆளப் பாத்துக்க புள்ள. நான் சங்கடப்பட மாட்டேன்."

பெலிண்டா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுகையும் பேச்சுமாகக் கலந்து வந்தது. பன்னிரண்டு தாள்கள், ஆஸ்பத்திரிச் சீட்டு, பத்தரை மணி டீ, தூணில் கட்டிய புடவை என்று முன்பின்னாகக் கொட்டினாள். பச்சையம்மாள் படியில் நின்று கேட்டதைச் சொன்னபோது கமருன்னிசா, "யா அல்லாஹ்," என்றாள்.

கமருன்னிசா ஈரத் துணியால் ஜெஸ்வினின் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

"நம்ம பின்னாடித் தெருவுல கட்டுறாங்கல்ல," என்றாள் கமருன்னிசா. "துணி காயப்போடப் போறப்ப தெனம் பாக்குறேன். மூணு வாண்டுங்க மணல்லயே கெடக்கும். அங்கயும் தொட்டி இருக்குமா?"

அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு ஜெஸ்வினருகில் உட்கார வைத்துவிட்டு இருவரும் போனார்கள். பெலிண்டா கமருன்னிசாவின் செருப்பைப் போட்டுக்கொண்டாள். மணல் குவியலுக்குப் பின்னால் தொட்டி திறந்தே கிடந்தது. விளிம்பு தரைமட்டம். சிமெண்ட் தூசி மிதக்கும் தண்ணீரில் ஒரு பெண் குழந்தை குச்சியை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தது. கமருன்னிசா பின்னாலிருந்து அதை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் சத்தம் போட ஆரம்பித்தாள்.

சைட் சூப்பர்வைசர் சுரேஷ்குமார் ஹெல்மெட்டும் கையுமாக ஓடிவந்தான். "தண்ணி எடுத்துக்கிட்டே இருக்கணும்மா. மூடி மூடித் தொறந்தா வேல நடக்காது."

"தொறந்து எடு. எடுத்துட்டு மூடு. உம் புள்ளன்னா மூடுவியா மாட்டியா?"

வேலை செய்பவர்கள் எல்லாரும் மேலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவனுக்கு வேறு வழியில்லை. இரண்டு பலகை வந்தது. ஆனால் கமருன்னிசா குழந்தையை இறக்கிவிடவில்லை.

"இதோட அம்மா யாரு? கீழ வாம்மா. ஒம்போதுலேந்து ஒரு மணி வரைக்கும் எங்கிட்ட விடு. எங்க வீட்டுல ஏற்கனவே ஒருத்தன் இருக்கான். அந்த மாடிதான் என் வீடு. நீ நிக்கிற எடத்துலேந்தே தெரியும்."

அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்பின் தெரியாதவள் பிள்ளையைக் கேட்டால் எவள் கொடுப்பாள்? திங்கட்கிழமை ஒருத்தியும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தக் குச்சிக் குழந்தையின் அம்மா வந்தாள். வாசலிலேயே நின்று உள்ளே நோட்டம் விட்டாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே சாரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். கமருன்னிசா ஒவ்வொரு தடவையும் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். வெள்ளிக்கிழமை இன்னொன்றும் வந்தது. மூன்றாவது குழந்தையின் அம்மா கடைசிவரை சம்மதிக்கவில்லை.

பெலிண்டா விடுமுறை நாட்களில் இன்னும் ஆறு வீடுகளுக்குப் போனாள். இரண்டு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. மற்ற நான்கு வீட்டிலும் நேரம் பத்தரைக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில்தான். அடைக்கலராஜ் அதைக் கையில் வைத்துக்கொண்டு மாத மீட்டிங்கில் எழுந்து நின்றார். ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். எழுத்துமூலம் அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினார். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் ஏற்றும் பட்டியலில் 'விபத்து' என்பதற்குப் பக்கத்தில் 'எதில், எத்தனை மணிக்கு' என்று இரண்டு கட்டம் சேர்த்துக்கொள்ள அவரே அவளுக்கு அனுமதி தந்தார்.

தை பிறந்ததும் பின்தெருக் கட்டடத்துக்குப் பூச்சு முடிந்தது. ஒரு நாள் காலையில் இரண்டு குழந்தைகளும் வரவில்லை. மதியம்வரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கமருன்னிசாவே ஆபீசுக்குப் போன் போட்டாள். "வண்டில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்களாம் புள்ள. சொல்லிக்கக்கூட இல்ல." பெலிண்டா சுரேஷ்குமாரைப் பிடித்து அவர்கள் போன இடத்தின் விலாசத்தை வாங்கினாள். ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைப் பக்கம், அடுக்குமாடி ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறினாள். காவிரிப் பாலத்தில் எல்லாரும் வெளியே ஆற்றைப் பார்த்தார்கள். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே கால்.

அந்த இடத்தில் தொட்டி இன்னும் தோண்டவில்லை. நான்கு பக்கமும் சுண்ணாம்புக் கோடு மட்டும் போட்டிருந்தார்கள். குச்சிக் குழந்தை அவளை அடையாளம் கண்டுகொண்டு ஓடிவந்து சுடிதாரைப் பிடித்தது. அதன் அம்மா கையைத் துடைத்தபடி சிரித்தாள். சுற்றிலும் பார்த்தாள் பெலிண்டா. எதிரே கம்பிக் கேட் போட்ட ஒரு வீடு இருந்தது. வாசலில் பெரிய கோலம்.

குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து மணியை அழுத்தினாள். மடிசாரில் ஒரு மாமி வந்து கேட்டுக்கு உள்ளேயே நின்றார்.

"யாரும்மா? என்ன வேணும்?"

குழந்தை கேட்டுக் கம்பியைப் பிடித்து ஆட்டத் தொடங்கியிருந்தது.

"மாமி, கார்த்தால ஒம்போது மணிலேந்து ஒரு மணி வரைக்கும் நீங்க வீட்லதான் இருப்பீங்களா?"