எட்டு வரியில் விழுந்த ஏழு பேர்

மருத்துவமனை மென்பொருளுக்காகச் சோடாபுட்டி எழுதியிருந்த ஃபங்ஷன் எட்டே வரி நிரல்தான். சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களின் பட்டியலை எடுத்து, தொண்ணூறு நாளாக மருத்துவமனையோடு தொடர்பில் இல்லாதவர்களை நீக்கிவிட்டு, மீதிப் பேரைத் திருப்பித் தரும். அதைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டியது அவள் பொறுப்பு. ஆறு வருடமாக இருவருக்கும் அடுத்தடுத்த மேஜை. அவன் கண்ணாடியின் கனத்தைப் பார்த்து அந்தப் பட்டப்பெயரை வைத்ததே அவள்தான்.

இந்த வேலையை அவன் ஏன் கேட்டு வாங்கிக்கொண்டான் என்று அவளுக்குத் தெரியும். அவனுடைய அப்பா அந்தப் பட்டியலில் இருந்தபடியே போய்ச் சேர்ந்தவர். ஒரு மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. "ஐயா ஏன் செக்கப்புக்கு வரலை?" எடுத்தது அவன் அம்மா.

நிரல் சுத்தமாக இருந்தது. அவன் எழுதிய சோதனைகள் எல்லாமே தேறிவிட்டதாகப் பச்சை காட்டின. மேலாளர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார்.

"எட்டு வரிதானேம்மா? சாயங்காலத்துக்குள்ள ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்ல?"

அவளுக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை. நிஜப் பட்டியலின் நகல் ஒன்றை எடுத்து, அதன்மேல் ஓட்டிப் பார்த்தாள். பட்டியலிலிருந்து இருபத்தொரு பேர் விழுந்தார்கள். ஒவ்வொருவர் பதிவாகத் திறந்தாள். பதினான்கு பேர் இறந்தவர்கள், அல்லது வேறு மருத்துவமனைக்கு மாறிப் போனவர்கள். மற்ற ஏழு பேருக்கும் 'கடைசியாகப் பேசிய தேதி' என்ற கட்டம் காலியாக இருந்தது. போன வாரம்தான் ஒரு சின்ன கிளினிக் அவர்களைப் பதிவு செய்திருந்தது. இன்னும் யாரும் அவர்களைக் கூப்பிடவே இல்லை. தேதி இல்லாததை மிகப் பழைய தேதியாக அந்த ஃபங்ஷன் எடுத்துக்கொண்டிருந்தது. நகலில் பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தன. வயது மட்டும் தெரிந்தது. ஒருவருக்குப் பத்தொன்பது.

குறிப்பு எழுதத் தொடங்கி, அழித்துவிட்டாள். இதை முகம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"ஒரு நிமிஷம் இங்க வாயேன்."

"என்னக்கா, கமா ஏதாவது விட்டுட்டேனா?" சிரித்தபடி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். திரையைப் படித்ததும் சிரிப்பு நின்றது.

"இவங்க உயிரோட இருக்காங்களா?"

"இருக்காங்கன்னுதான் இருக்கு. யாரும் இன்னும் பேசலை, அவ்வளவுதான்."

அவன் ஏழு பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான்.

"எங்கம்மாவுக்கு வந்த மாதிரி போன் இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு நினைச்சேன். கடைசியில போக வேண்டிய வீட்டுக்கே போகவிடாம பண்ணியிருப்பேன்."

"பண்ணலையேடா. இன்னும் ஏத்தலையே."

"நீங்க பாக்காம விட்டிருந்தா?"

அவள் தயங்கினாள். "காலையில பாக்காமலே விட்டுடலாம்னுதான் இருந்தேன். உங்கப்பா விஷயம், இதுல போய் நோண்டணுமான்னு தோணுச்சு."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபமில்லை, ஆனால் அவளால் அந்தப் பார்வையை நேருக்கு நேர் தாங்க முடியவில்லை.

"இன்னைக்கு ஏறாது சார்" என்று மேலாளரிடம் போய்ச் சொன்னது அவன்தான். முகம் சுளித்தவர், ஏழு பதிவுகளையும் பார்த்ததும், "சரி, நிதானமாவே பண்ணுங்க" என்று போய்விட்டார்.

திருத்துவதற்கு இரண்டு நாள் ஆனது. புது ஃபங்ஷன் யாரையும் நீக்குவதில்லை. சந்தேகமான பெயர்களைத் தனியே பிரித்து, ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்யட்டும் என்று பொறுப்பு நர்ஸுக்கு அனுப்புகிறது. தேதிக் கட்டம் காலியாக இருப்பவர்களை முதலில் கூப்பிடச் சொல்கிறது. காலித் தேதி, தப்புத் தேதி, நாளைய தேதி என்று கொடுத்து அவள் அதைப் படாதபாடு படுத்தினாள். பிறகுதான் ஒப்புதல் தந்தாள்.

மறுநாள் காலையிலேயே நர்ஸ் ஏழு பேரையும் கூப்பிட்டுவிட்டார். ஆறு பேர் பேசினார்கள். ஏழாவது ஆள், ஐம்பத்தெட்டு வயதுக்காரர், பதிவான மறுநாளே இறந்துவிட்டாராம்.

அதற்கு எட்டு வரியும் காரணமில்லை, இரண்டு நாள் தாமதமும் காரணமில்லை என்று இருவருக்கும் நன்றாகத் தெரியும். ஆனாலும் அன்று மதியம் இருவருமே சாப்பிட எழுந்து போகவில்லை.