என் வழியாகத்தான் வந்தது

தொழிற்சாலை கேன்டீனில் அவளுக்கு ஆட்டுக்குட்டி என்று பெயர். அண்டா அண்டாவாகக் கறி சமைப்பாள், வாயில் ஒரு துண்டு வைக்க மாட்டாள். உப்புப் பார்க்கக்கூடப் பக்கத்தில் நிற்பவரைத்தான் கூப்பிடுவாள். முட்டை, பருப்பு, பால் எதுவும் ஆகாது. சின்ன வயதில் அம்மா மூக்கைப் பிடித்து ஊட்டிய முட்டையை அம்மாவின் மடியிலேயே திருப்பிக் கொடுத்தவள். "ஆடு எங்கயாவது கறி தின்னுமா?" என்று கேலி செய்வார்கள். அவளும் சிரித்துக்கொண்டே சோறும் காயும் தட்டில் போட்டுக்கொள்வாள்.

வீட்டில் அந்தக் கேலி வேறு மாதிரி. அடுத்த வீடு கணவனின் அக்காவுடையது. தெருவில் அந்த அம்மாளுக்கு ரேடியோ என்று பெயர். காதில் விழுந்தது எதுவும் வயிற்றில் தங்காது. கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது, யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு முதலில் போய் நிற்பவள் அவள்தான். ஆனால் வாய் இருக்கிறதே, அதற்குத் தாழ்ப்பாளே கிடையாது!

ஆட்டுக்குட்டியின் முதல் பிள்ளை ஆண். பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்தான். மூன்றாம் நாள் பால் குடிக்க மறுத்தான், கண் திறக்கவில்லை, மூச்சு வாங்கியது, போய்விட்டான். என்ன காரணம் என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. ரேடியோவுக்குத் தெரிந்துவிட்டது. "ஒரு முட்டைகூடத் தின்னாதவ உடம்புல என்ன ஊறும்? அவ பாலே விஷம்" என்று தெருமுனை வரைக்கும் சொல்லிவிட்டு வந்தாள். பச்சை உடம்போடு, கட்டிக்கொண்ட பாலோடு, ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து அவள் அதைக் கேட்டாள். 

பிறகு குட்டி பிறந்தாள். பெண். இப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. அவளும் முட்டையைக் கண்டால் முகத்தைத் திருப்புவாள். அடிக்கடி வாந்தி எடுத்துச் சுருண்டு படுப்பாள். போன மாதம் பார்த்த புது டாக்டர், இறந்துபோன அண்ணனைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, தாய்க்கும் மகளுக்கும் ரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வந்த அன்று, கேன்டீன் வேலை முடிந்த கையோடு அவள் போனாள். மரபணு மருத்துவர் வயதில் சின்னப் பெண், ஆனால் பொறுமைசாலி.

"நீங்க சமையல் வேலைதானே? கறி, முட்டை, பால், பருப்புல இருக்கிற புரதத்தை உடம்பு பயன்படுத்தினதும் ஒரு கழிவு மிஞ்சும். அம்மோனியா. ஈரல்தான் அதை யூரியாவா மாத்தி வெளிய அனுப்பணும். அதை எப்படிச் செய்யணும்னு சமையல் குறிப்பு மாதிரி மரபணுவுல எழுதியிருக்கும். அந்தக் குறிப்புல உங்களுக்கு ஒரே ஒரு எழுத்து மாறிப்போயிருக்கு. பொண்ணுங்களுக்கு அந்தக் குறிப்பு ரெண்டு பிரதி இருக்கும், நல்ல பிரதியை வச்சுக் கொஞ்சம் சமாளிச்சுக்கலாம். பையன்களுக்கு ஒண்ணுதான். உங்க பையனுக்கு அந்த மாறின பிரதிதான் வந்திருக்கணும்."

அவள் குறுக்கிட்டாள். "அப்போ என் பால்…"

"உங்க பால்ல ஒரு குறையும் இல்ல. எந்தப் பால் குடிச்சிருந்தாலும் அவனுக்கு இதேதான் ஆகியிருக்கும். பாப்பாவுக்கும் இந்த மாற்றம் இருக்கு. முட்டை, பால் எல்லாம் அளந்துதான் குடுக்கணும். சோர்ந்தாலோ உளறினாலோ ஒரு நிமிஷம் யோசிக்காம இங்க தூக்கிட்டு வந்துடுங்க."

வெளியே வந்ததும் அவள் ரேடியோவுக்குத்தான் போன் போட்டாள். பள்ளி விட்டதும் குட்டி அத்தை வீட்டில்தான் இருப்பாள்.

"அண்ணி, குட்டிக்கு முட்டையும் பாலும் குடுக்காதீங்க. வந்து சொல்றேன்."

"நல்லா இருக்கே! ஸ்கூல் விட்டு வந்ததுலேர்ந்து வாடிப் போய்க் கிடக்கா பிள்ளை. உன்னை மாதிரி அதையும் தழை தின்ன வைக்கப் பாக்குறியா?" போன் வைக்கப்பட்டுவிட்டது.

பஸ் ஊர்ந்தது.  வீட்டை அடைந்தபோது குட்டி அத்தையின் கட்டிலில் கிடந்தாள். பக்கத்தில் வாந்தி. காலி டம்ளர். தட்டில் முட்டையின் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"உடம்புக்குத் தெம்பு வரட்டும்னு ரெண்டு முட்டை அவிச்சு, கதை சொல்லி ஊட்டினேன்…" ரேடியோவின் குரல் இறங்கியிருந்தது.

"குட்டி, அம்மாடா."

குழந்தை கண்ணைத் திறந்து அவளை ஏற இறங்கப் பார்த்தது. "நீ யாரு?" என்றது.

அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. குழந்தையை அள்ளித் தோளில் போட்டாள். பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்த கணவன் வாசலில் நின்றான். "அக்கா நல்லதுக்குத்தானே…" என்று ஆரம்பித்தான்.

"யாரு நல்லவங்கன்னு அப்புறம் பேசிக்கலாம். இப்ப வண்டியை எடுங்க!"

அந்த அதட்டலை அவன் அதுவரை கேட்டதில்லை. மறுபேச்சு இல்லாமல் எடுத்தான்.

வழியிலேயே அவள் போன் போட்டுச் சொல்லியிருந்ததால் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் தயாராக இருந்தார்கள். ரத்தத்தில் அம்மோனியா எகிறிக்கிடந்தது. குளுக்கோஸ் ஏற்றி, அம்மோனியாவை இறக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். வராந்தாவில் ரேடியோ தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டிருந்தாள். சும்மா இருக்கக் கூடாதா? முடியவில்லை.

"எப்படியோ, உன் வழியா வந்ததுதானே இது?"

ஆட்டுக்குட்டி நிமிர்ந்தாள். "ஆமா அண்ணி. என் வழியாத்தான் வந்துச்சு. என் மூக்கும் என் சுருட்டை முடியும்கூட என் வழியாத்தான் வந்துச்சு. எழுத்து மாறினதுக்கு நான் எதுக்குத் தலை குனியணும்? நானா உட்கார்ந்து எழுதினேன்? நாக்கு வேணாம்னு சொன்னதைக் கேட்டுத்தான் நான் உயிரோட இருக்கேன். என் பொண்ணு நாக்கும் அதையேதான் சொல்லுது. இனிமே அவ வேணாம்னா வேணாம்தான்!"

ரேடியோ தானே தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் குட்டி கண் விழித்தாள். அம்மாவைப் பார்த்தாள், சுவரோரம் ஒடுங்கி நின்ற அத்தையைப் பார்த்தாள். "எனக்கு முட்டை வேணாம்" என்றாள் தெளிவாக.

"வேணாம்டி என் தங்கமே, வேணாம்!" தாய் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

ரேடியோ கிட்டே வந்தாள். கண் சிவந்திருந்தது. "அன்னிக்குப் பையன் விஷயத்துல நான் சொன்னது…"

"என்கிட்ட சொல்லாதீங்க அண்ணி. அன்னிக்குத் தெருவுலதானே சொன்னீங்க? தெருவுலயே சொல்லுங்க. அதுவரைக்கும் குட்டி உங்க வீட்டுப் படி ஏற மாட்டா."

குழந்தை வீடு திரும்பி ஒரு வாரம் ரேடியோ வெளியே தலைகாட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடைவாசலில் கூட்டமாக இருந்த நேரம், தெரு நடுவில் வந்து நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. என் தம்பி பொண்டாட்டி பால் விஷம்னு நான்தான் சொன்னேன். பொய். அவ பால் நல்ல பால். எந்தப் பாலைக் குடுத்திருந்தாலும் அந்தப் பிள்ளை தங்கியிருக்காது. இதுல அவ தப்பு ஒரு துளியும் இல்ல." கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது.

அதே ஜன்னலுக்கு உள்ளே ஆட்டுக்குட்டி நின்றிருந்தாள். மூன்றே நாள் மடியில் கிடந்தவனின் சூடு நெஞ்சில் வந்து போனது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலை முழுக்கத் திறந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணி," என்று கத்தினாள். "மாடி வீட்டுக்குக் கேக்கல!"