பாதித் தளம்

கலவை மிஷின் வந்துவிட்டது. பிரியாணி அண்டா வந்துவிட்டது. மழை மேகமும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தது. வராதவர்கள், தளம் போட வேண்டிய ஆட்கள் மட்டும்தான்.

எழிலரசன் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆட்களைக் கொண்டுவருவது அவன் பொறுப்பு. யாரும் அவன் தலையில் கட்டவில்லை. போன மாதம் ஆராதனை முடிந்ததும் அவனாகவே எழுந்து, தன் மாமா மேஸ்திரி என்றும், ஆட்களைத் தானே கூட்டிவருவதாகவும் சபை நடுவில் சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அது அவனுக்குப் பிடித்திருந்தது.

இருங்காட்டுக்கோட்டைக்குப் பின்புறம் இருக்கும் அந்தச் சின்ன சபைக்கு அவன் மூன்று வருடமாக வருகிறான். அங்கே அவனுக்கு இருந்த ஒரே பெயர் 'ஜோதி சிஸ்டர் வீட்டுக்காரர்'. ஜோதி பிறந்ததிலிருந்து சபைக்காரி. அவன் பக்கத்து ஊர் விவசாயக் குடும்பம். அவன் அப்பா இன்றைக்கும் ஆடி மாதம் முன்னால் நின்று கூழ் ஊற்றுகிறவர். எழிலரசன் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. மைக் கரகரத்தால் அவனைக் கூப்பிடுவார்கள். நாற்காலி அடுக்கக் கூப்பிடுவார்கள். கமிட்டி கூடும்போது மட்டும், பிரதர் கொஞ்சம் வெளியே இருங்கள் என்பார்கள். அவனும் வெளியே போய் செருப்புகளை வரிசைப்படுத்திக்கொண்டிருப்பான்.

தளம் நல்லபடியாக விழுந்தால் அவனும் சபையில் ஓர் ஆள். இல்லாவிட்டால் சபையைக் கெடுத்த வெளியாள். ஜோதியும் அவனோடு சேர்ந்து வெளியே. பழைய சிமெண்ட் ஷீட் கூரை புயலில் பறந்து பக்கத்து லாரி ஷெட்டில் போய் விழுந்த பிறகு, எல்லோரும் கம்பெனியில் ஓ.டி. பார்த்துச் சேர்த்த காசில் போடும் கான்கிரீட் தளம் இது. இன்னொரு தடவை ஓ.டி. பார்க்க அந்தச் சபையில் யாருக்கும் இடுப்பு மிச்சமில்லை.

மாமா கோதண்டம் மூன்றே ஆட்களோடு வந்து இறங்கினார். மீதிப் பேரை ஒரகடத்தில் ஹாஸ்டல் கட்டும் கான்ட்ராக்டர் விடியும் முன்பே வேனில் அள்ளிக்கொண்டு போய்விட்டானாம். இன்றைக்கு விட்டால் தானும் அந்த வேலைக்குத்தான் போகவேண்டும், ரெண்டு மாசம் வர முடியாது என்றார். அதற்குள் மழைக்காலம் வந்துவிடும். கட்டிவைத்த கம்பி துருப்பிடிக்கும்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ," என்றார் கோதண்டம். "ஆரம்பிச்சா நிறுத்தக் கூடாது. பாதில நின்னா ஜாயின்ட் உழுந்துரும். அப்பறம் மேல எத்த ஊத்தினாலும் ஒழுவும். ஆளு கீதா?"

எழிலரசன் திரும்பிப் பார்த்தான். தொடக்க ஜெபத்துக்கென்று, சபையின் கம்பெனித் தொழிலாளர்களில் பி ஷிப்டுக்காரர்கள் முப்பது பேர் வந்திருந்தார்கள். ஜோதியும் அதில் இருந்தாள். எல்லோரும் பிரியாணி அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கீது மாமா. ஆரம்பி," என்றான்.

அவன் வாழ்க்கையில் அவ்வளவு அதிகாரமாக எதையும் சொன்னதில்லை.

பாஸ்டர் வெங்கடேசன் ஜெபித்தார். மழையைச் சற்றுத் தூரத்தில் நிறுத்திவைக்கும்படி கேட்டுக்கொண்டார். போன மாதம் இதே இடத்தில்தான் மழைக்காக உபவாசம் இருந்தார்கள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

கம்பெனி லைனில் நிற்கிறவர்களுக்கு வரிசையில் நிற்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. கார் சீட் தைக்கும் கம்பெனியில் லைன் லீடராக இருக்கும் சுபாஷ் ஆளுக்கு ஓர் இடம் கொடுத்தார். மிஷினிலிருந்து சாரம் வரை, சாரத்திலிருந்து மேலே வரை, யாரும் நகரவில்லை. சட்டி மட்டும் கை மாறிப் போனது. காலிச் சட்டி இறங்க ஒரு தனி லைன். நடுவில் ஒருவர் இருமினால் அவர் இடத்துக்கு மாற்று ஆள். சுபாஷ் மட்டும் சட்டியைத் தொடவில்லை. ஓரத்தில் நின்று, இது குறைவு, இது தண்ணி ஜாஸ்தி என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். கோதண்டம் தன் முப்பது வருட சர்வீசில் இப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை என்றார். எழிலரசனுக்குக் கண் கலங்கியது. சிமெண்ட் தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டான்.

பிறகு மிஷின் பெல்ட் அறுந்தது. புது பெல்ட்டுக்குச் சுங்குவார்சத்திரம் வரை போய் வரவேண்டியிருந்தது. கீழே கலந்து வைத்திருந்த குவியலை வைத்து லைனை மெதுவாக ஓட்டினார்கள். மிஷின் மறுபடி கத்தத் தொடங்கித் தளம் சரியாகப் பாதியைத் தொட்டபோது, சாலை முனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

முப்பது பேரும் சட்டியைக் கீழே வைத்தார்கள்.

ரெண்டு மணி ஷிப்டு என்று ஒருவருக்கும் தெரியாமல் இல்லை. மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். முடியாவிட்டாலும் மற்றவர்கள் லீவு போட்டிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பியிருந்தார்கள். அந்தச் சபையில் விசுவாசத்துக்கு என்றைக்கும் குறைவில்லை. சுபாஷ் ஸ்தோத்திரம் பிரதர் என்று சொல்லிக் கை கழுவப் போனார். எல்லோரும் கான்ட்ராக்ட். சொல்லாமல் லீவு போட்டால் மறுநாள் கேட்டில் பெயர் இருக்காது.

ஜோதி கடைசியாகக் கழுவினாள்.

"நீயுமா?" என்றான்.

"நான் போவலன்னா நாளைக்கு உள்ள வுட மாட்டான். உனுக்குத் தெரியாதா?" அவள் சுடிதார் ஷாலை அவிழ்த்து அவன் கையில் சுற்றினாள். சிமெண்ட் அரித்து அவன் உள்ளங்கையில் ரத்தம் வந்திருந்தது. அவன் அதுவரை அதைக் கவனிக்கவே இல்லை. "எதனா பண்ணு," என்றாள். பஸ் போய்விட்டது.

கோதண்டம் கான்கிரீட்டின் ஓரத்தில் ஈரச் சாக்கைப் போட்டார். வெயிலில் அது கண்ணெதிரில் வெளுத்தது. பாஸ்டர் வெள்ளை ஜிப்பாவோடு சட்டி தூக்கினார். மூன்று சட்டிக்கு ஒருமுறை கர்த்தாவே என்றார். மூன்று ஆட்களும் எழிலரசனும் ஓடி ஓடிப் போட்டது ஒரு மூலையைக்கூட நிரப்பவில்லை. நிறுத்திரலாமா என்று மாமா கேட்டார். எழிலரசன் சாரத்திலிருந்து குதித்துச் சாலை முனைக்கு ஓடினான்.

காலை ஷிப்டு முடிந்து வருகிற பஸ் அங்கேதான் நிற்கும். அதில் வருகிறவர்கள் சபையின் ஏ ஷிப்டு. ஏ ஷிப்டும் பி ஷிப்டும் போன கிறிஸ்துமஸிலிருந்து பேசுவதில்லை. ஏ ஷிப்டு நைட் போயிருந்தபோது பி ஷிப்டுக்காரர்கள் கேரல் ரவுண்ட்ஸ் வந்து, பூட்டிய கதவுகளுக்கு முன்னால் மூன்று பாட்டும் பாடி, வாசலில் சாக்லேட் வைத்துவிட்டுப் போனார்கள். விடியற்காலை வந்தவர்களை எறும்புதான் வரவேற்றது. அன்று மதியம் ஏ ஷிப்டுக்காரர்கள் சபை விருந்துக்குப் போகவில்லை. அதிலிருந்து ஏ ஷிப்டு இடப்பக்கம் உட்காரும், பி ஷிப்டு வலப்பக்கம். சமாதான வாழ்த்து சொல்லும் நேரத்தில் இரு பக்கமும் தத்தம் பக்கத்துக்கே கை கொடுத்துக்கொண்டது.

பஸ் நின்றது. முதலில் இறங்கியவர் தாவீது, தெற்கே நாசரேத்துக்காரர், ஏ ஷிப்டுக்குத் தலைவர் மாதிரி. எழிலரசன் அவர் முன்னால் போய் நின்றான். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"அண்ணே, தளம் பாதில நிக்குது. காஞ்சிகினு கீது. கொஞ்சம் வாங்கண்ணே."

"பாதி போட்டவங்கள எங்க?"

"ஷிப்டு போய்ட்டாங்க."

"அப்பம் அவங்களே வந்து முடிக்கட்டும். நாங்க எட்டு மணி நேரம் நின்னுட்டு வாரோம். எங்கள எவன் கூப்பிட்டான்? நீ யாருடே, நீ மெம்பரா?"

"இல்லண்ணே," என்றான் எழிலரசன். "மெம்பரா இருந்தா உங்காண்ட பேசிகினா இருப்பேன்?"

பின்னால் யாரோ சிரித்து உடனே அடக்கிக்கொண்டார்கள். தாவீது சிரிக்கவில்லை. அவன் கையில் சுற்றியிருந்த ஷாலைப் பார்த்தார்.  எழிலரசன் அவர் காலைப் பிடிக்கலாமா என்று யோசித்தான். கையில் சிமெண்ட், அவர் யூனிஃபார்ம் கெட்டுவிடும் என்று நின்றான்.

"வா," என்றார் தாவீது. "அவனுவ என்னத்த போட்டிருக்கானுவன்னு பாப்போம்."

உதவி செய்ய அவர் வரவில்லை. குற்றம் கண்டுபிடிக்கத்தான் வந்தார். மேலே ஏறினார். ஒரு கம்பியை எடுத்துக் குத்திப் பார்த்தார். இதைத் தளம் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு வெட்கமில்லையா என்று கேட்டார். பிறகு சட்டையைக் கழற்றிச் சாரத்தில் மாட்டினார். பி ஷிப்டை விட நன்றாகப் போட்டுக் காட்டுவதற்காக இருபத்தைந்து பேர், பிரியாணியைக்கூடத் தொடாமல் லைனில் நின்றார்கள். கோதண்டம் இரண்டு பாதியும் சேருமிடத்தில் சிமெண்ட் பாலை ஊற்றித் தேய்த்தார்.

"ஒழுவும்பா," என்று எழிலரசன் காதில் மட்டும் சொன்னார். "என்னால முடிஞ்சத பண்ணிட்டேன். ஆனா ஒழுவும்."

கடைசிச் சட்டி விழவும் மழை விழவும் சரியாக இருந்தது. தார்ப்பாய் இல்லை. போன வருட நற்செய்திக் கூட்டத்தின் ஃப்ளெக்ஸ் பேனர்களை இழுத்துவந்து தளத்தை மூடினார்கள். பத்தடிக்குப் பத்தடி பாஸ்டர் வெங்கடேசன் கை கூப்பி மழையில் நனைந்தார். அசல் பாஸ்டர் பேனரின் ஓரத்தில் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எழிலரசன் தூங்கியதாக ஜோதி சொல்வதில்லை. வானம் கறுத்தால் எழுந்து போய்த் தளத்தைப் பார்த்துவிட்டு வந்தான். பலகை பிரித்தார்கள். வெள்ளையடித்தார்கள். இரண்டு பாதியும் சேர்ந்த கோடு தெரியவில்லை. எல்லோரும் கோதண்டத்துக்குச் சால்வை போட்டார்கள். அவர் சால்வையோடு அவனைப் பார்த்த பார்வை அவனுக்கு மட்டும் புரிந்தது.

பிரதிஷ்டை ஆராதனை அன்று மழை. இடப்பக்கம் ஏ ஷிப்டு, வலப்பக்கம் பி ஷிப்டு. இரண்டாவது பாட்டில், நடுவழியில், ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் வாசலிலிருந்து பீடம் வரை ஒரே நேர்க்கோட்டில் சொட்டியது. பாட்டு நின்றது. எல்லோரும் மேலே பார்த்தார்கள். பிறகு எல்லோரும் எழிலரசனைப் பார்த்தார்கள். அந்தச் சபை ஒருமனதாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

அவன் நாற்காலிக்கு அடியில் பக்கெட் இருந்தது. வரும்போதே வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தான். எடுத்துப் போய் நடுவில் வைத்தான்.

ஏ ஷிப்டுக்காரர்கள் கம்பியால் குத்திக் கெட்டிப்படுத்தாமல் தொடங்கிவிட்டார்கள் என்று சுபாஷ் எழுந்து சொன்னார். பி ஷிப்டுக்காரன் போட்ட பாதியிலிருந்துதான் வருகிறது என்று தாவீதும் எழுந்தார். இருவரும் பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் பேசிக்கொண்டார்கள். பேச்சு வளர்ந்தது. கடைசியில் தாவீது திரும்பினார்.

"எழிலு, நீதான ரெண்டையும் பாத்த. நீ சொல்லு."

எழிலு என்று அங்கே யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை. 

"ரெண்டு பாதியும் நல்லாதான் கீதுண்ணே," என்றான். "நடுவுல ஒழுவறது என்னுது. ஆரம்பின்னு நான்தான் சொன்னேன். ஒழுவும்னு மாமா அன்னிக்கே சொல்ட்டாரு. உங்கள்ட்ட சொல்ல பயமா இருந்துச்சி."

ஜோதி தலையைக் குனிந்துகொண்டாள்.  பக்கெட்டுக்கு முன்னும் பின்னும் தரை நனைந்துகொண்டிருந்தது. ஒரு பக்கெட் போதாது என்று எல்லோருக்கும் தெரிந்தது. சுபாஷ் வெளியே போய் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவந்தார். தாவீது பிரியாணி அண்டாவை இழுத்துவந்தார்.

ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. எழிலரசன் வழக்கம்போல வெளியே போகத் திரும்பினான். எங்கே போகிறாய், உட்கார் என்று சுபாஷ் அதட்டினார். மழைக்காலம் முடியும்வரை பக்கெட் மாற்ற ஆள் வேண்டும். நிறைய வாக்குவாதத்துக்குப் பிறகு ஷிப்டு போட்டார்கள். ஒரு வாரம் ஏ, ஒரு வாரம் பி.

எழிலரசனுக்கு எல்லா வாரமும் ஜெனரல் ஷிப்டு.