நெற்றிக்கு ஒரு மில்லிமீட்டர்

1976 ஏப்ரலில், பெய்ரூட் துறைமுகத்தில் உள்நாட்டுப் போர் ஓய்ந்ததாக அறிவித்துக்கொண்டிருந்த அதிபர் நஸீபை நோக்கிச் சுடப்பட்ட தோட்டா, அவர் நெற்றிக்கு நூற்று நாற்பத்தொரு மில்லிமீட்டர் முன்னால் காற்றில் நின்றுவிட்டது. அவர் திரும்பினால் அதுவும் திரும்பியது. படியேறினால் கூடவே ஏறியது. கொல்லன் இடுக்கியால் பிடித்து இழுத்ததில் இடுக்கிதான் வளைந்தது. சுட்ட ஹைதம் மலைச் சிறைக்குப் போனான்.

தினமும் காலை ஏழு மணிக்குத் தூரத்தை அளக்க, ஹைதமின் அக்கா வதாத் வந்தாள். பள்ளியில் இயற்பியல் நடத்துபவள். கையில் வெர்னியர் கருவி. அதிபரே கேட்டு வரவழைத்தார். “நான் பொழைக்கணும்னு ஆசையில்லாதவதான் சரியா அளப்பா,” என்றார்.

நான்கே மாதத்தில் விதி பிடிபட்டது. அதிபர் ஒருவனை மன்னித்துக் கையெழுத்திட்டால் தோட்டா ஒரு மில்லிமீட்டர் நெருங்கும். தூக்குக்குக் கையெழுத்திட்டால் அசையாது. மன்னிக்க வேண்டாமென்று அமைச்சர்கள் கெஞ்சினார்கள். அவர் நிறுத்தவில்லை. மன்னிக்கப்பட்ட கிளர்ச்சித் தலைவன் தன் ஆட்களோடு மலையிறங்கித் துப்பாக்கியைக் கொடுத்தால் ஒரு தடுப்பரண் கலையும். அது கலைந்தால் மாவு லாரி வரும். லாரி வந்தால் ரொட்டிக்கடை திறக்கும். ஆறு வருடங்களில் நூற்று நாற்பது கையெழுத்துகள். டமாஸ்கஸ் சாலை திறந்தது, துறைமுகம் ஓடியது, வதாத்தின் பள்ளிக்குக் கூரை வந்தது.

ஒரு திங்கட்கிழமை அவள் அளந்து முடித்ததும் வழக்கம்போல ஏலக்காய்க் காப்பி வந்தது. தொடவில்லை. ஒன்றைக் கேட்டு வந்தவர்கள் அது கிடைக்கும்வரை அங்கே காப்பியைத் தொடமாட்டார்கள்.

“என்ன டீச்சர், காப்பில ஈ விழுந்திருச்சா?” என்ற அதிபர், மேசையிலிருந்த வழக்குக் காகிதங்களைப் பார்த்தார். ஆறு வருட வழக்கு முடிந்து, ஹைதமுக்கு வெள்ளிக்கிழமை தூக்கு.

“எவ்வளவு மிச்சம்?”

“ஒண்ணு, ஐயா.”

“பத்துன்னு சொல்லியிருக்கலாமே. நான் என்ன அளந்தா பாக்கப்போறேன்?”

“அளந்ததத்தான் சொல்ல முடியும்.”

அவர் மன்னிப்பில் கையெழுத்திட்டார். தோட்டா சத்தமில்லாமல் வந்து நெற்றியில் பொருந்தியது.

“சில்லுன்னு இருக்கு,” என்றார். அதை விரலால் தொட்டுப் பார்த்து, “நெத்தி எலும்பு எத்தன மில்லி கனம் டீச்சர்?”

“ஏழு இருக்கும்.”

“அப்ப இன்னும் ஏழு பேரு. காப்பி ஆறுது, குடிங்க.”

குடித்தாள். ஏட்டில் சுழியம் என்று எழுதினாள். வெள்ளிக்கிழமை ஹைதம் வீட்டுக்கு வந்து, ரொட்டி தின்று, தூங்கினான். அதிபரின் நாவிதர் அடுத்த வாரத்திலிருந்து தோட்டாவைச் சுற்றி முடி வெட்டப் பழகிக்கொண்டார்.